ஆவடி–பூந்தமல்லி: ஓராண்டு சோதித்துப் பாருங்கள்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் (கும்டா) தலைவரான மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கும், போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும், மாநகரப் போக்குவரத்துக் கழக அதிகாரிகளுக்கும்,



சென்னையின் மேற்குப் புறநகருக்குச் செலவு செய்ய அரசு தயங்கவில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிவரை 26 கி.மீ. மெட்ரோ தடம். கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராமுக்கு இன்னொரு தடம் போடத் திட்ட அறிக்கை. பூந்தமல்லியைப் பரந்தூரோடு இணைக்க மூன்றாவது திட்டம். எல்லாவற்றையும் வரவேற்கிறோம். இந்த மடலில் கேட்பது வேறு, செலவும் குறைவு. இங்குள்ளவர்கள் ஏன் பேருந்தை விட்டு பைக்கில் போகிறார்கள், எதைச் செய்தால் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள் என்பதைச் சாலையில் இறங்கிச் சோதித்துப் பாருங்கள்.

1970-இல் இந்நகரின் பயணங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் பேருந்தில் நடந்தன. பைக், ஸ்கூட்டரில் நடந்தவை இரண்டுகூட இல்லை. 2008-இன் விரிவான போக்குவரத்து ஆய்வில் பேருந்தின் பங்கு சுமார் 26, இருசக்கர வாகனத்தின் பங்கு சுமார் 25. இந்த மாற்றத்துக்கு யாரும் அரசாணை போடவில்லை. பேருந்துக்குக் காத்து அலுத்த ஒவ்வொரு வீடும் தனித்தனியாக எடுத்த முடிவு இது. தவணையில் வண்டி வாங்கியாகிவிட்டால் அதன்பின் கணக்கே மாறிவிடுகிறது. கணவனும் மனைவியும் போக இரண்டு டிக்கெட்டா, கொஞ்சம் பெட்ரோலா என்று மட்டுமே பார்க்கிறார்கள். வண்டியின் விலையை யாரும் அதில் சேர்ப்பதில்லை. அதனால் வண்டி வாங்குவதற்கு முன்பே பேருந்து வந்து நிற்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்தின் சிக்கலுக்கு ஒரு திசை உண்டு. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போட்ட ரயில் பாதை, சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை (சி.டி.எச். ரோடு), பூந்தமல்லி நெடுஞ்சாலை மூன்றும் கிழக்கே நகரத்தை நோக்கி ஓடுகின்றன. மெட்ரோவும் அதே திசைதான். ஆனால் இங்கே பிழைப்பு குறுக்கே ஓடுகிறது. ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு, கரையான்சாவடி வழியாகப் பூந்தமல்லிக்கும், அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் ஆட்கள் போகிறார்கள். அயப்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வருகிறார்கள். குறுக்குப் பயணத்துக்குத் தண்டவாளம் இல்லை. இருப்பது பேருந்து, ஷேர் ஆட்டோ, சொந்த பைக்.

அம்பத்தூர் எஸ்டேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களிலிருந்து வளர்ந்த தொழிற்பேட்டை. பட்டரவாக்கம் ரயில் நிலையம் அதை ஒட்டியே இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் ரயிலை விட்டு இறங்கி, லாரிகளுக்கு இடையே நடைபாதை இல்லாத தெருக்களைக் கடந்து கம்பெனி கேட்டை அடைவது வேறு அனுபவம். இரவு ஷிஃப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு அது இன்னும் வேறு. ரயிலை விட்டுவிட்டு பைக்குக்கு மாறியவரைத் துரத்தியது பெரும்பாலும் ரயில் அல்ல, அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர். எந்த ஷிஃப்ட் எப்போது விடும், கூட்டம் எங்கே சேரும் என்பது ஷேர் ஆட்டோ ஓட்டுநருக்கு மனப்பாடம். உங்கள் ஆய்வுக் குழுவினர் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது அவரிடம்தான்.

பழக்கம் மாறும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. ஆனால் கட்டணம் பூஜ்யமானாலும் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாவதில்லை. இலவசப் பேருந்து எப்போது வரும் என்று தெரியாதபோது, காசு கொடுத்து ஷேர் ஆட்டோ ஏறும் பெண்கள் இங்கே உண்டு. விலையைச் சோதித்துவிட்டோம், இனி நேரத்தைச் சோதிக்க வேண்டும்.

வெளியே நடந்த இரண்டைச் சொல்கிறேன். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல நிலையங்கள் மூடப்பட்டதால் மக்கள் வேறு வழிகளில் போனார்கள். பயண அட்டைப் பதிவுகளைப் பொருளியல் ஆய்வாளர்கள் அலசியபோது, இருபதில் ஒருவர் வேலைநிறுத்தம் முடிந்தபிறகும் பழைய வழிக்குத் திரும்பவில்லை என்று தெரிந்தது. நல்ல வழி முன்பே இருந்தது. முயன்று பார்க்கத்தான் ஒரு காரணம் தேவைப்பட்டது. மற்றொன்று பக்கத்துப் பெங்களூரில். 2008 அக்டோபரில் தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதம், இன்ஃபோசிஸ் வளாகத்துக்கு நெரிசல் நேரத்துக்கு முன்பே வந்த ஊழியர்களுக்குப் புள்ளிகள் கொடுத்து, வாராவாரம் குலுக்கலில் பரிசு தந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பாலாஜி பிரபாகர் வகுத்த சோதனை அது. முன்கூட்டியே வருபவர்கள் இரு மடங்கானார்கள். பேருந்தில் வருபவரின் சராசரிக் காலைப் பயணம் 71 நிமிடத்திலிருந்து 54-ஆகக் குறைந்தது. அதற்காக ஒரு மேம்பாலமும் கட்டவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான்.

ஒன்று, ஆவடி–பூந்தமல்லி சாலையில் முதல் மின்ரயிலிலிருந்து கடைசி மின்ரயில்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு சாதாரணக் கட்டணப் பேருந்தை ஓராண்டு ஓட்டுங்கள். ஓராண்டுக்குள் எடுத்துவிடாதீர்கள். நாளைக்கும் வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் பைக்கை வீட்டில் விட்டு வரமாட்டார்கள்.

இரண்டு, அம்பத்தூர், பட்டரவாக்கம் நிலையங்களிலிருந்து எஸ்டேட்டுக்குள் சுற்றிவரும் சிற்றுந்துகளை, ரயில் நேரத்தையும் ஷிஃப்ட் நேரத்தையும் பார்த்து விடுங்கள். எஸ்டேட் உற்பத்தியாளர்களை அழைத்து, ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தை அரை மணி முன்பின்னாகப் பிரிக்க முடியுமா என்று கேளுங்கள்.

மூன்று, சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை வகுத்து, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகச் சொன்னது. மாநகராட்சிக்குள் இருக்கும் அம்பத்தூரில் அதை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். வெளியே இருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நீட்டியுங்கள்.

நான்கு, அளந்து வெளியிடுங்கள். டிக்கெட் இயந்திரம், சிங்காரச் சென்னை அட்டை, சென்னை ஒன் செயலி எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் நகர்ப்புறப் போக்குவரத்துக்கான மையமே இருக்கிறது. பயணிகளின் அடையாளத்தை நீக்கிவிட்டு, சோதனைக்கு முன்னும் பின்னும் உள்ள கணக்கைத் தமிழில் மக்கள்முன் வையுங்கள். பலன் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.

நட்டம் வரும் என்பீர்கள். இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கி.மீ.க்கு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 500 கோடிக்கும் மேல். அதன் ஒரே கிலோமீட்டர் செலவில் சிறு பகுதி போதும், நாங்கள் கேட்கும் ஓராண்டை ஓட்டிப் பார்க்க. மெட்ரோவுக்கு ஆள் சேர்ப்பதும் இந்தப் பேருந்துதான். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை ரயில் நிலையம் இல்லாமல் திறந்தபோது பயணிகள் பட்ட பாடு நினைவிருக்கும். திருமழிசை அருகே குத்தம்பாக்கம் முனையத்துக்கும் அந்தக் கதி வேண்டாம்.

கும்டாவுக்கு 2010-இல் சட்டம் வந்தது. முதல் கூட்டம் நடக்க 2022 ஆனது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எங்கள் தெருக்களில் எத்தனை புது பைக்குகள் வந்து நின்றன என்பதை நாங்கள் பார்த்தோம். ரயில்வே, மெட்ரோ, பேருந்து மூன்றையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் அதிகாரம் இன்று உங்களிடம் இருக்கிறது. அடுத்த கும்டா கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஆவடி–பூந்தமல்லி ஓராண்டுச் சோதனையைச் சேருங்கள். தொடங்கும் தேதியையும், அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பதவியையும் அன்றே அறிவியுங்கள்.

இப்படிக்கு,
மேற்குப் புறநகர்ப் பயணி ஒருவர்