சாலை முடியும் இடத்துக்கு அப்பால் ஒரு வீடு

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தைத் தாக்கிய 7.8 அளவிலான நிலநடுக்கம் சுமார் 9,000 உயிர்களைப் பறித்தது. திபெத் எல்லையை ஒட்டிய ரசுவா மாவட்டத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில், நிலநடுக்கத்தைவிட அது கிளப்பிய பனிச்சரிவே பேரழிவானது. பனியும் பாறையும் சரிந்து லாங்டாங் கிராமத்தை ஏறத்தாழ முழுமையாகப் புதைத்தன. உயிர் தப்பிய பௌத்த மக்கள் காத்மாண்டுவில் ஸ்வயம்பு அருகே ஒரு மடாலய வளாகத்தில் மாதக்கணக்கில் தங்கினர். பின்னர் திரும்பி, புதையுண்ட ஊருக்கு அருகிலேயே புதிய ஊரை எழுப்பினர். இதனை மலைமக்களின் மனவுறுதி என்று பாராட்டி நிறுத்திக்கொள்வது எளிது. அந்த உறுதியின் விலையை யார் ஏற்றார்கள் என்பதே பொருளியல் எழுப்ப வேண்டிய கேள்வி.

வீடிழந்த குடும்பத்துக்கு நேபாள அரசு 3 லட்சம் நேபாள ரூபாய் வழங்கியது. நம் பணத்தில் அது 1,87,500 ரூபாய். ஒப்பந்தம் கையெழுத்தானதும் 50,000, அடித்தளம் முடிந்தபின் 1,50,000, சுவர் எழுந்தபின் 1,00,000 என மூன்று தவணைகள். பணம் வேறு செலவுகளுக்குப் போகாமலும், வீடு நிலநடுக்கத்தைத் தாங்கும் விதிகளின்படி அமையவும் இந்த முறை உதவியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், தொகை எல்லோருக்கும் ஒன்று, செலவு ஒன்றல்ல. சாலை வசதியுள்ள ஸ்யாப்ருபேசியிலிருந்து லாங்டாங் கிராமத்துக்கு நடைப்பயணிகள் பொதுவாக இரண்டு நாள் நடக்கிறார்கள். சிமெண்டும் கம்பியும் கூரைத் தகடும் கோவேறு கழுதையின் முதுகிலோ, மனிதத் தோளிலோ, ஹெலிகாப்டரிலோதான் ஏற வேண்டும். சமவெளியில் சுவராக மாறும் பணம் இங்கே சுமைக்கூலியாகக் கரைகிறது. அந்தக் கூலியைக் கட்டடம் எழும் முன்பே கொடுத்தாக வேண்டும். முதல் தவணையோ மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குதான். இடைவெளியை நிரப்புவது கடன்.

இரண்டாவது சிக்கல் உழைப்பு. அண்டை வீட்டார் மாறி மாறிக் கைகொடுத்து வீடு கட்டுவது இமயமலைக் கிராமங்களின் பழைய வழக்கம். மக்களில் பலரை ஒரே நாளில் இழந்த ஊரில் அந்தக் கைகள் எங்கே? நாடெங்கும் லட்சக்கணக்கான வீடுகள் ஒரே காலத்தில் கட்டப்பட, இளைஞர்களோ வளைகுடா நாடுகளில் இருக்க, கொத்தனார் கூலி ஏறாமல் இருக்குமா?

மூன்றாவது, வீடு என்பதற்கான வரையறை. லாங்டாங்கில் பல குடும்பங்களுக்கு வீடே மலையேறிகள் தங்கும் விடுதி, அதுவே வருமானம். குடியிருப்புக்கு மட்டும் கணக்கிட்ட மானியம், இழந்த தொழிலை மீட்டுத் தராது. அந்தச் சமூகத்தின் பொதுச் சொத்தான மடாலயமும் மணிக்கல் சுவர்களும் தனிக் குடும்பக் கணக்கில் இடம்பெறவே இயலாது. இறந்தோருக்கு 49 நாள் சடங்கு செய்யும் மரபுடைய மக்களுக்கு மடாலயம் ஆடம்பரமல்ல.

இது நேபாளத்தின் குறை மட்டுமன்று. இந்தியாவின் பேரிடர் நிவாரண நெறிமுறையில் முழுமையாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம் ரூபாய். மலையின் கூடுதல் செலவை 10,000 ரூபாயாக மதிப்பிடும் இக்கணக்கு, 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பைச் சந்தித்த லே போன்ற பகுதிகளுக்கு எப்படிப் பொருந்தும்?

மாற்று வழி கடினமானதன்று. அடிப்படைத் தொகையுடன், வாகனச் சாலையிலிருந்து உள்ள தொலைவுக்கும் ஏற்றத்துக்கும் ஏற்பச் சுமைக்கூலியைத் தனியே வழங்கலாம். தொலைதூர ஊர்களுக்கு முதல் தவணையை உயர்த்தலாம். பொருள்களைத் திரட்டி ஏற்றிச்செல்லும் பொறுப்பை ஊர்க்குழுவிடமே ஒப்படைக்கலாம். வாழ்விடமும் தொழிலும் ஒன்றாக உள்ள வீடுகளுக்கு வட்டிச் சலுகைக் கடன் தரலாம். இவற்றை அடுத்த பேரிடருக்கு முன்பே விதிகளில் எழுதிவைக்க வேண்டும். இடிபாடுகளுக்கு நடுவே நின்று பேரம் பேசும் வலிமை எந்தக் குடும்பத்துக்கும் இருப்பதில்லை.