விஷயம் இருந்தால் போதுமாம்

"தலைப்பு, தேதியெல்லாம் எப்படி வேணும்னாலும் இருக்கட்டும் சார், உள்ளே விஷயம் இருந்தால் போதாதா?" போன வாரக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். மொத்த அறையும் தலையாட்டியது. எங்கள் அலுவலக விக்கியில் எப்படி எழுதுவது என்று ஒரு பக்க அளவில் விதி போடலாம் என்றேன். அதுதான் நான் செய்த குற்றம்.

அந்த 'விஷய'த்தின் லட்சணத்தைப் பாருங்கள். 'சர்வர் ரீஸ்டார்ட் புதுசு ஃபைனல் 2' என்று ஒரு பக்கம். மேலே 03/04/25 என்று தேதி. நமக்கு அது ஏப்ரல் 3, அமெரிக்கக் கிளைக்கு மார்ச் 4. கீழே கட்டளை வரி. வேர்டில் அடித்துக் கொண்டுவந்து ஒட்டியதில் நேராக நின்ற மேற்கோள் குறிகள் வளைந்துபோய், அடுத்தடுத்த இரண்டு சிறு கோடுகள் ஒரே நீளக் கோடாகிவிட்டன. நடுராத்திரியில் சர்வர் படுத்துக்கொள்ளும்போது அதை அப்படியே காப்பி செய்து ஒட்டினால் டெர்மினல் முகத்திலேயே துப்பும். விஷயம் இருக்கிறது, ஓடாது, அவ்வளவுதான்.

விதி வைத்தால் படைப்பாற்றல் செத்துவிடுமாம். சர்வரை அணைத்துப் போடுவதில் என்ன காவியம் வேண்டிக்கிடக்கிறது? எங்கள் தம்மம்பட்டிக்கு வந்து இதைச் சொல்லட்டும். அங்கே வாகைக் கட்டையில் சாமி செதுக்குகிறவருக்கு உளிக்கு முன்னால் தாளக் கணக்கு, அதாவது உருவத்தின் அளவு. சிற்ப நூல் முறைப்படி பெருமாளுக்கு உத்தம தச தாளம், 124 அங்குலம்; தாயாருக்கு மத்திம தச தாளம், 120; பிள்ளையாருக்கு ஐந்தே தாளம். கடை ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை இது. பெருமாளின் உயரத்தை 124-ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அதனால்தான் சாமி முழ உயரமானாலும் ஆள் உயரமானாலும் முகமும் மார்பும் தத்தம் கணக்கில் நிற்கின்றன. ஒருவர் குறித்துவைத்த கட்டையில் இன்னொருவர் உளி வைக்கலாம், போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. இதே தொழில் நடக்கும் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரின் மரச் சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடே கொடுத்தார்கள். அளவு பார்த்ததால் கலை செத்தது என்று யாரும் ஒப்பாரி வைக்கவில்லை.

நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999-இல் தொலைந்தது எதனால்? ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டுக் கணக்கில் எண் கொடுக்க, மறு தரப்பு அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. பெரிய பெரிய விஞ்ஞானிகள், விஷயத்துக்கு என்ன பஞ்சம்? தம்மம்பட்டி ஆசாரி ஒருவரை உட்கார வைத்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார், "எந்த அங்குலம் சாமி?"

விக்கியை விடுங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். பழைய பத்திரத்தில் ஏக்கர், சென்ட். வரப்பில் நின்று பேசும்போது குழி. ஒரே நிலம். ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், மார்க்‌ஷீட்டில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரிக்குக் காசு கொடுத்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கவுண்டரில் போய் விஷயம் இருந்தால் போதாதா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வடிவம் வெட்டிவேலை என்கிற அதே தம்பிகள்தான் அங்கே பவ்யமாக வரிசையில் நின்று, இனிஷியலுக்குப் பிறகு புள்ளி வைக்கணுமா, இடம் விடணுமா என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறார்கள்.