பட்டவராயனுக்குச் செருப்பு

ஆடி அமாவாசை நெருங்கினால் பாபநாசத்திலிருந்து காரையாறு போகிற மலைப்பாதையில் கூட்டம் ஏறத் தொடங்கிவிடும். சொரிமுத்தையனார் கோவிலைச் சுற்றிக் காட்டுக்குள்ளேயே குடில் போட்டுத் தங்கிப் பொங்கலிடுவார்கள். அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுப் பட்டவராயன் சன்னதிக்கு வருகிறவர்கள், நேர்ந்துகொண்டபடி கொண்டுவந்த தோல் செருப்பைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் அது தேய்ந்திருக்கும், இரவில் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டுதான் காடு காக்கிறார் என்பது நம்பிக்கை. மற்றக் கோவில்களில் வாசலுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வரவேண்டிய பொருள் இங்கே காணிக்கை. காணிக்கை செலுத்துகிறவர்களில் எல்லாச் சாதியாரும் உண்டு. ஆகமமோ அரசாணையோ இதைச் செய்யவில்லை. வில்லுப்பாட்டில் பாடப்படுகிற ஒரு கதை செய்தது.

முத்துப்பட்டன் பிராமணன். அண்ணன்மாரோடு மனம் ஒட்டாமல் வீட்டைவிட்டுப் போனவன். பாபநாசம் மலையடியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளைக் கண்டு அவர்களையே கட்டுவேன் என்கிறான். பெண்களின் தகப்பன் வாலப்பகடை, மாடு மேய்த்துத் தோல் வேலை செய்யும் அருந்ததியர். பிராமணன் பெண் கேட்டதும் அவர் மகிழ்ந்துபோகவில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் காட்டு, பிறகு பேசுவோம் என்கிறார். அண்ணன்மார் தம்பியைக் கல் அறைக்குள் அடைத்துப் பார்க்கிறார்கள். அவன் தப்பிவந்து சொன்னதையெல்லாம் செய்கிறான். கலியாணம் முடிந்த கையோடு கிடைமாட்டைக் களவாட வந்தவர்களோடு சண்டை, அதில் சாகிறான். பெண்கள் இருவரும் தீப்பாய்கிறார்கள். மூவரும் தெய்வமாகிறார்கள்; முத்துப்பட்டன்தான் பட்டவராயன்.

இந்தக் கதையில் எங்களை விடாமல் பிடித்துக்கொள்வது வாலப்பகடை வைக்கும் நிபந்தனை. மேலே இருப்பவன் இறங்கிவந்து கை கொடுக்கிற கதைகள் நம்மிடம் ஏராளம். கீழே வைக்கப்பட்டவர், 'என் தொழிலைக் கற்றுக்கொண்டு வா' என்று பரீட்சை வைக்கும் கதைகள் அரிது. தகுதியை நிரூபிக்க வேண்டியவன் யார் என்பதையே அது தலைகீழாக்கிவிடுகிறது.

இப்படியொரு கதையை ஊர் சும்மா விடுமா? கதையின் சில வடிவங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடைக்குப் பிறந்தவர்களே அல்ல; பிராமணப் பெண்ணுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள், அவர் எடுத்து வளர்த்தார் என்று வருகிறது. 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகக் கதைப்பாடல்களைப் பதிப்பித்த நா. வானமாமலை, இந்தப் பிறப்புக் கதை பின்னால் ஒட்டவைக்கப்பட்டது என்று எடுத்துக்காட்டினார். சாதி மீறிய மணத்தைப் பொறுக்க முடியாதவர்கள் அதை ஒரே சாதி மணமாக ஆக்கிக்கொண்டார்கள்.

முத்துப்பட்டனுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல இது. மதுரைவீரன் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை, பொம்மியை மணந்தவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் அவனைக் காசிராஜன் மகனாகப் பிறக்கவைத்துக் காட்டில் போட்டு, அதன்பிறகே அந்த வீட்டுக்கு அனுப்புகிறது. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் இதே வழியில் போனது. வளர்த்த பெற்றோராக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் வந்தார்கள். ஆரியமாலையைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயனுக்குச் சிவன் பிள்ளை என்ற பிறப்புக் கிடைத்தது. மூன்று கதையிலும் ஒரே இடத்தில்தான் கைவைத்திருக்கிறார்கள்: பிறப்பில். வீரத்தை அப்படியே விட்டார்கள், காதலை விட்டார்கள், கொலையைக்கூட விட்டார்கள்.

இதைச் செய்தவர்களைத் திட்டிவிட்டுக் கடந்துபோவது எளிது. வில்லுப்பாட்டுப் பாடுகிற அண்ணாவியின் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அவர் பாடுவது கோவில் கொடை விழாவில். ஒரு வாரம் ஒரு சாதியாரின் கோவில், அடுத்த வாரம் வேறொருவருடையது. வில்லுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்கள் அவர்கள்தாம். இறந்துபடும் கட்டம் வரும்போது குடமும் உடுக்கும் வேகம் பிடித்துச் சாமியாடிக்கு அருள் வரவேண்டும். அதற்குமுன் கூட்டம் எழுந்துபோய்விடக் கூடாது. வளர்ப்பு மகள் என்ற ஒரு வரி அந்தக் கூட்டத்தை உட்காரவைத்திருக்கலாம். அந்த வரி இல்லாவிட்டால் பல ஊர்களில் இந்தக் கதை பாடவே படாமல் போயிருக்கவும் கூடும். கதை உயிரோடு இருக்கக் கொடுத்த விலை அது என்று நாங்கள் நினைக்கிறோம். அநியாயமான விலை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். தன் வீட்டுப் பெண்ணை, தன் வீட்டு வீரனை வேறு யாருடைய பிள்ளையாகவோ கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவர்கள் அதே கூட்டத்தின் ஓரத்தில் இருந்தார்கள்.

ஆனால் பிறப்பை மாற்றியவர்களால் செருப்பை மாற்ற முடியவில்லை. பெண்கள் யாருக்குப் பிறந்திருந்தாலும், பட்டன் உட்கார்ந்து தைத்தது தோல் செருப்பு. அதை எடுத்துவிட்டால் நேர்ச்சை இல்லை, சன்னதியில் தொங்குகிற காணிக்கைக்குப் பொருள் இல்லை. வார்த்தையைத் திருத்துவதற்குப் பாடுகிறவர் ஒருவர் மனம்வைத்தால் போதும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிள்ளை வரத்துக்கும் நோய்க்கும் நேர்ந்துகொண்டு சுமந்துவருவதை யாரால் திருத்த முடியும்? அதே விழாவில்தான் சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் காட்சி தருவது வழக்கமாக இருந்தது. ஒருபுறம் தர்பார், மறுபுறம் செருப்பு. அந்தக் காட்டில் பட்டன் பெண் கேட்டுப் போன வழியை ஜனங்கள் இன்றும் கையில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

இப்போது கொடைகளில் பாடுகிற வில்லிசையைக் கைபேசியில் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். நல்ல காரியம். கூடவே ஒரு கவலையும் இருக்கிறது. பரவலாகக் கேட்கப்படுகிற ஒரு பதிவே 'உண்மையான கதை' ஆகிவிடுகிறது. இளம் கலைஞர்கள் அதைக் கேட்டே மனப்பாடம் செய்கிறார்கள். அச்சு வந்தபோது பெரிய எழுத்துப் புத்தகம் காசிராஜனை நிலைநிறுத்தியது போலத்தான் இதுவும். கலைவிழா மேடைக்காகக் கதையைச் சுருக்கும்போது முதலில் போவது வாலப்பகடையின் நிபந்தனையாக இருந்துவிடக் கூடாது.

மூலக் கதை எது என்று தேடிக் கண்டுபிடித்து மற்றதையெல்லாம் தள்ளிவிடுவதிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. திருத்தப்பட்ட வடிவம், அந்த ஊர் எதற்கு அஞ்சியது என்பதற்கான சாட்சி. அதைத் தூக்கி எறிந்தால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

அடுத்த இதழிலிருந்து கதைப்பாடல்களுக்குத் தனிப் பக்கங்கள் ஒதுக்குகிறோம். அனுப்புகிறவர்கள் பாட்டை மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். எந்தக் கோவில், யாருடைய கொடை, அன்றிரவு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார், அண்ணாவி வேறு ஊரில் இதே இடத்தை எப்படிப் பாடுவார் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். ஒரே கதைக்கு இரண்டு பிறப்புக் கிடைத்தால் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடுவோம். அருந்ததியர் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் பொம்மக்கா, திம்மக்கா கதைகளுக்கு முதல் பக்கங்களை வைத்திருக்கிறோம்.