நாங்க அந்த வகை இல்லீங்க

2025 தீபாவளிக்கு அக்கா மகன் ம்யூனிக்கிலிருந்து வந்திருந்தான். செம்பூரில் எங்கள் வீட்டில்தான் இரண்டு நாள். மென்பொருள் வேலை, ப்ளூ கார்டு விசா, கை நிறையச் சம்பளம். லேகியத்தை வாயில் போட்டுக்கொண்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தபோது பேச்சு ஜெர்மனி அரசியல் பக்கம் போயிற்று.

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் ஜெர்மனியின் சான்சலர் ஃப்ரீட்ரிஷ் மெர்ட்ஸ், குடியேற்றத்தைப் பற்றிப் பேசும்போது "நகரத்தின் தோற்றத்தில்" இன்னும் பிரச்சினை இருக்கிறது, அதனால்தான் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறோம் என்ற பொருளில் ஒரு வார்த்தையை விட்டிருந்தார். என்ன சொல்ல வருகிறீர்கள் என்று கேட்டால், உங்கள் மகள்களைக் கேட்டுப் பாருங்கள் என்றார். பெர்லினில் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பிறகுதான், வசிக்கும் உரிமை இல்லாமல், வேலைக்கும் போகாமல், சட்டத்தையும் மதிக்காதவர்களைச் சொன்னேன் என்று விளக்கம் வந்தது.

நம்ம பையன் சொன்னான்: "அவர் சொன்னதுல என்ன மாமா தப்பு? சிரியாக்காரனும் ஆப்கன்காரனும் பண்றதுக்கு எங்க பேரும் சேர்ந்து கெடுது. நாங்க அந்த வகை இல்லையே. ஒழுங்கா வரி கட்றோம்."

சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லாம் தலையை ஆட்டினார்கள். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். ஏனென்றால் இது அவன் ஒருவன் பேச்சில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இதே வசனம்தான்.

முதல் கேள்வி. நாம் எந்த வகை என்று யார் முடிவு செய்கிறார்கள்? நாமா?

2000-ஆம் வருடம். கணினி ஆட்கள் பற்றாக்குறை என்று அன்றைய சான்சலர் ஷ்ரோடர் "கிரீன் கார்டு" திட்டம் கொண்டுவந்தார். 20,000 இடங்கள், அதிகபட்சம் ஐந்து வருடம். பெரிதும் எதிர்பார்க்கப்பட்டவர்கள் இந்தியர்கள். உடனே நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளராக நின்ற யூர்கன் ரூட்கர்ஸ், கணினி முன்னால் இந்தியர்களை உட்கார வைப்பதற்குப் பதில் நம் பிள்ளைகளை உட்கார வையுங்கள் என்றார். அது "கிண்டர் ஷ்டாட் இண்டர்" என்று எதுகை மோனையோடு கோஷமாகவே ஆனது. இந்தியர் வேண்டாம், நம் குழந்தைகள் போதும் என்று அர்த்தம். சொன்னவர் தெருவோரப் பேச்சாளர் இல்லை, கல்வி, ஆராய்ச்சித் துறைகளுக்கு மத்திய அமைச்சராக இருந்தவர். அந்தத் தேர்தலில் தோற்றார். ஆனால் 2005-இல் அதே மாநிலத்துக்கு முதல்வர் ஆனார்.

தம்பி, அந்தக் கோஷம் யாரைப் பார்த்து? அகதியைப் பார்த்தா? உன்னை மாதிரி ஒருத்தனைப் பார்த்து. படித்தவன், வரி கட்டுகிறவன், கூப்பிட்டதால் வந்தவன்.

இன்னொன்று. 2007 ஆகஸ்டில் சாக்ஸனி மாநிலத்தில் ம்யூகெல்ன் என்ற சின்ன ஊரில் திருவிழா. இரவில் எட்டு இந்தியர்களை ஒரு கும்பல் ஊர் நடுவே துரத்தித் துரத்தி அடித்தது. ஒரு பீட்சா கடைக்குள் ஓடி ஒளிந்துதான் உயிர் தப்பினார்கள். அடித்தவர்கள் விசாவை வாங்கிப் பார்த்துவிட்டா அடித்தார்கள்? "நகரத்தின் தோற்றம்" என்று பேச ஆரம்பித்தால் பார்க்கப்படுவது தோற்றம்தான். ப்ளூ கார்டு சட்டைப்பைக்குள் இருக்கிறது, தோல் வெளியே இருக்கிறது.

இரண்டாவது, நம் ஆட்களிலேயே "அந்த வகை" இருந்திருக்கிறார்கள். எண்பதுகளில் இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய தமிழர்கள் பலர், கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டவர்கள். அன்றைக்குப் பத்திரிகைகளில் அடிபட்ட போலி அகதி, பிழைக்க வந்த அகதி என்ற சொற்கள் அவர்கள் மேலும்தான் விழுந்தன. அவர்கள் சேர்ந்து எழுப்பியதுதான் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில், 2002-இல் குடமுழுக்கு. அந்தத் தேர்த் திருவிழாவுக்குப் போய் வடம் பிடித்த படத்தை நீ எங்களுக்கு அனுப்பினாயே, அந்தத் தேர் அகதிகள் இழுத்த தேர். ஒரு கையால் வடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அகதியைக் காட்டிக்கொடுக்க முடியுமா?

மூன்றாவது என் தொழில் சம்பந்தப்பட்டது. "வரி கட்றோம்" என்கிறாயே, அதற்கு வருகிறேன். நான் பி.காம். படித்தவன், இருபது வருடத்துக்கும் மேல் பேரேடு பார்த்தவன். ஒரு மனிதனை வரவாகப் பதிந்துவிட்டால் அவனுக்குத் தேய்மானமும் உண்டு. வரவு நின்ற அன்றைக்கு அவன் செலவுப் பக்கம் போய்விடுவான். ஜெர்மனி இதைச் செய்து பார்த்த நாடு. 1955-இல் இத்தாலி, 1961-இல் துருக்கி என்று ஒப்பந்தம் போட்டு "விருந்தாளித் தொழிலாளர்" என்று பெயர் வைத்து அழைத்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியோடு ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். அதற்குள் வந்தவர்கள் சுமார் ஒரு கோடியே நாற்பது லட்சம், திரும்பிப் போனவர்கள் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம். 1983-இல் வேலையிழந்தவர்களிடம், ஊருக்குக் கிளம்புங்கள், 10,500 மார்க் தருகிறோம், குழந்தைக்கு 1,500 மார்க் கூடுதல் என்று சட்டமே போட்டார்கள்.

1964-இல் பத்து லட்சமாவது ஆளாக வந்து இறங்கிய போர்ச்சுகல்காரர் அர்மாண்டோ ரோட்ரிகஸுக்குக் கொலோன் ரயில் நிலையத்தில் பூங்கொத்து, ஒரு மொபெட். அந்தப் படம் ஜெர்மானியப் பாடப்புத்தகம் வரை போயிற்று. பின்னால் அவர் நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பி, ஜெர்மனியில் தனக்கு நோய்க்கால உதவி கிடைக்கும் என்பதே தெரியாமல் சேமிப்பையெல்லாம் வைத்தியத்துக்குக் கொட்டி, 1979-இல் இறந்துபோனார். மொபெட் மட்டும் பான் நகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. எதைப் பாதுகாத்தார்கள் பாருங்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் ஸோலிங்கன் நகர விழாவில் சிரியாவிலிருந்து வந்த ஒருவன் மூன்று பேரைக் குத்திக் கொன்றான். திருப்பி அனுப்பியிருக்க வேண்டியவன், அரசாங்கம் கோட்டை விட்டது. அந்த ஊர் மக்களின் கோபம் நியாயம். நகராட்சிகளில் வீடில்லை, பள்ளியில் இடமில்லை என்பதும் உண்மைதான். அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது, குற்றவாளிக்குச் சிறை இருக்கிறது. அதே 2024 டிசம்பரில் மாக்டபுர்க் சந்தையில் கூட்டத்துக்குள் காரை விட்டவன் யார்? சவுதியிலிருந்து வந்து வருடக்கணக்காக அங்கே வேலை பார்த்த மருத்துவர். டிகிரியை வைத்து நல்லவன் கெட்டவன் பிரிக்கிற உன் கணக்கு அங்கேயே தப்பாகிவிட்டது.

இப்போது உன் சொந்தக் கணக்கு. 2024-இல் வந்த சட்டப்படி நன்றாக மொழி கற்று ஒன்றிப் போனவர்களுக்கு மூன்று வருடத்தில் குடியுரிமை உண்டு. நீ ராத்திரி ராத்திரியாகப் படித்து சி1 தேர்வு பாஸ் செய்தாய். 2026 ஜனவரியில் மூன்று வருடம் முடியும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாய். 2025 அக்டோபரில் நாடாளுமன்றம் அந்த வழியை மூடிவிட்டது. இனி ஐந்து வருடம். அந்த வழியில் போக முடிந்தவர்கள் யார்? வேலையில்லாதவனா, மொழி தெரியாதவனா? உன்னைப் போன்றவர்கள்தான். வெளியாளிடம் கண்டிப்பு காட்டிய மாதிரி தெரிய வேண்டும் என்றால் முதலில் கைக்கு எட்டுகிறவன் ஒழுங்காக வரிசையில் நிற்கிறவன்தான். அன்று ராத்திரி நீ இதைச் சொல்லிப் புலம்பினாய், ஆனால் முந்தின பேச்சோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

மும்பையில் இருக்கிற நமக்கு இது புதுக் கதையா? அறுபதுகளில் "மதராஸி" என்று விரட்டப்பட்டவர்கள் யார்? டைப்பிஸ்ட், குமாஸ்தா, ஓட்டல்காரர். ஒழுங்காக வேலை பார்த்ததுதான் குற்றமே. மாட்டுங்காவில் அந்தக் காலத்து ஆட்களைக் கேளுங்கள், கடையடைத்த நாட்களைச் சொல்வார்கள். அன்றைக்கு "நாங்க அந்த வகை இல்லீங்க" என்று சொல்லித் தப்பித்தவர் யாராவது உண்டா?

2024 அக்டோபரில் இந்தியத் தொழில்திறனாளர்களுக்கான விசாவை வருடம் 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. நான்கே மாதத்தில், 2025 பிப்ரவரித் தேர்தலில், குடியேற்ற எதிர்ப்பையே முதலாக வைத்த ஏ.எஃப்.டி. கட்சி 20.8 சதவீதம் வாங்கி இரண்டாம் இடம் வந்தது. கூப்பிடுகிற கையும் தள்ளுகிற கையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. நம் பிள்ளைகள் போகட்டும், நன்றாக இருக்கட்டும். யூனியனில் சேரட்டும், ஊர்க்காரர்களோடு பழகட்டும், ஓட்டுரிமை வந்தால் ஓட்டுப் போடட்டும். பக்கத்து வரிசையில் நிற்கிறவனைக் காட்டிக்கொடுத்து நல்ல பெயர் வாங்க மட்டும் வேண்டாம். அந்தப் பெயருக்கு வட்டி கிடைக்காது, அசலும் நிற்காது.

தம்பி, இதைப் படித்துவிட்டுக் கோபம் வந்தால் போன் பண்ணு. மாமாவைத் திட்ட உனக்கு உரிமை உண்டு.