விளக்கை யார் ஏற்ற வேண்டும்?

முழங்கால் அறுவைக்குப் பிறகு என் மனைவி மூன்று மாதம் கட்டிலோடு இருந்தாள். நான் மாடியில் இருந்தால் அவள் கூப்பிடுவது காதில் விழாது. மணலி புதுநகர் லாரிச் சத்தம் வேறு. பாலிடெக்னிக் படிக்கும் பேரன் ஓர் ஆர்டுயினோ பலகையை வைத்து அழைப்புப் பொத்தான் செய்து கொடுத்தான். கீழே அழுத்தினால் மாடியில் பஸ்ஸர் ஒலிக்கும்.

"அழுத்தினது பதிவாச்சான்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள் பாட்டி. நியாயமான கேள்வி.

முதலில் பொத்தான் கம்பியிலேயே ஒரு சிவப்பு எல்.இ.டி.யைக் கோத்தான். சிப்புக்குள் இருக்கும் புல்-அப் மின்தடை 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்குமாம். அதன் வழியே கால் மில்லி ஆம்பியர்கூட வராது. விளக்கு மினுங்கியதோடு சரி. போதாததற்கு எல்.இ.டி. தன் பங்குக்கு ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டதால், அழுத்தியது சிப்புக்குச் சில நேரம் தெரியவே இல்லை.

அடுத்து இரட்டைத் தொடர்புப் பொத்தான் வாங்கி, விளக்குக்கு 5 வோல்ட்டைத் தனியாகக் கொடுத்தான். பளிச்சென்று எரிந்தது. எல்லோருக்கும் திருப்தி.

ஒரு நாள் இரவு புரோகிராம் நின்றுபோயிருக்கிறது. அவள் அழுத்தினாள், விளக்கு எரிந்தது, நான் வரவில்லை. முக்கால் மணி நேரம் பொறுத்துவிட்டுத் தானே எழப் பார்த்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தப்பித்தாள். "விளக்கு எரிஞ்சுதே, வருவீங்கன்னு இருந்தேன்" என்றாள். அவள் மேல் என்ன தப்பு?

அந்த விளக்கு விரல் அழுத்தியதை மட்டும்தான் சொன்னது. அது அழுத்தியவருக்கே தெரியுமே! கேட்டுக்கொண்டவர்தான் விளக்கை ஏற்ற வேண்டும். மனுவைப் பெட்டியில் போடுவது வேறு, தபால் பிரிவில் முத்திரையிட்ட ரசீது வாங்குவது வேறு. நான் படித்த பிரெஞ்சில் இதை 'அக்யூசே த ரெசெப்சியோன்' என்பார்கள். பெற்றுக்கொண்டவர் தரும் ஒப்புகை.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. பொத்தானை அழுத்தினால் சின்னத்துக்கு எதிரே சிவப்பு விளக்கு, பிறகு 'பீப்' ஒலி. அப்போதும் "ஓட்டு விழுந்துச்சா சார்?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களைப் படிக்காதவர்கள் என்று சிரித்தோம். 2013-ல் உச்ச நீதிமன்றமே ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொன்னது. இன்று ஏழு வினாடி சீட்டைப் பார்த்துவிட்டு வருகிறோம். சிரித்தது நம் பிழை.

இப்போது எங்கள் வீட்டு விளக்கு சிப்பின் இன்னொரு பின்னிலிருந்து, 330 ஓம் மின்தடை வழியாக எரிகிறது. நான் மாடியில் பதில் பொத்தானை அழுத்தினால்தான் புரோகிராம் அதை ஏற்றும்.

உங்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் இப்படி ஏதாவது செய்து கொடுத்தால், பலகையின் ரீசெட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அழைப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால் அதை நம்பிப் படுக்காதீர்கள்.