ஒரு ராத்திரிக்கு ஒரே விஷயம்

அமெரிக்காவின் ஏபிசி சேனலில் வரும் 'நைட்லைன்' பிறந்த கதையே கொஞ்சம் விநோதம்தான். 1979 நவம்பர் 4 அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது. நாலு நாள் கழித்து, அதைப் பற்றி மட்டுமே பேசும் ஒரு சிறப்புச் செய்தியை இரவு 11.30க்குத் தினமும் போட ஆரம்பித்தது ஏபிசி. அந்த நேரத்தில் என்பிசியில் ஜானி கார்சன் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். ஏபிசியோ பழைய தொடர்களைத் திரும்ப ஓட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. ஆக, இழப்பதற்கு எதுவும் இல்லை! பணயக்கைதிகள் விடுதலையாக 444 நாள் ஆனது. ஆனால் 1980 மார்ச்சிலேயே அது நைட்லைன் என்ற பெயரில் நிரந்தர நிகழ்ச்சியாகிவிட்டது. தொகுப்பாளர் டெட் காப்பல்.

வடிவம் ரொம்ப எளிமை. முதலில் ஒரு பின்னணித் தொகுப்பு, அப்புறம் நேரடிப் பேட்டி. அரை மணி நேரத்துக்கும் பெரும்பாலும் ஒரே விஷயம். பேட்டி கொடுப்பவர் காப்பலுக்கு எதிரே உட்காரமாட்டார். வேறு அறையிலோ வேறு ஊரிலோ இருந்து திரையில் வருவார். நழுவுவது கஷ்டம். 1987 ஏப்ரலில் பேஸ்பால் அணி டாட்ஜர்ஸின் பொது மேலாளர் ஆல் கேம்பானிஸ், கறுப்பர்களுக்கு அணியை நிர்வகிக்கும் தகுதி இல்லாமல் இருக்கலாம் என்று உளறினார். காப்பல் விடவில்லை. சொன்னதைத் திருத்திக்கொள்ளவும் வாய்ப்புக் கொடுத்தார். மனிதர் மேலும் மேலும் சிக்கிக்கொண்டார். இரண்டே நாளில் வேலை போனது. இரண்டு நிமிடச் செய்தித் துணுக்கில் இதெல்லாம் வெளியே வந்திருக்குமா?

அப்புறம் ஏன் மாற்றினார்கள்? பார்க்க ஆள் இல்லை என்பதல்ல காரணம். எந்த வயது ஆள் பார்க்கிறார் என்பதுதான் கணக்கு. இளசுகள் பார்த்தால் விளம்பரத்துக்குக் கூடுதல் விலை. 2002இல் அந்த நேரத்தை டேவிட் லெட்டர்மேனுக்குக் கொடுக்க ஏபிசி பேரம் பேசியது (அவர் வரவில்லை, அது வேறு கதை). 2005 நவம்பரில் காப்பல் விலகியதும் மூன்று தொகுப்பாளர்கள், ஒரே இரவில் பல விஷயங்கள் என்று ஆனது. 2013 ஜனவரியில் ஜிம்மி கிம்மலுக்கு வழிவிட்டு நள்ளிரவு 12.35க்குத் தள்ளிவிட்டார்கள். வியாபாரமாகப் பார்த்தால் சரியான முடிவுதான். ஆனால் அந்தக் கணக்கில் எங்கேயும் ஏறாத ஒரு வரவு உண்டு.

2004 ஏப்ரல் 30 இரவு, இராக்கில் இறந்த 700க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பெயர்களைப் படங்களோடு ஒவ்வொன்றாக வாசித்தார் காப்பல். வேறு எதுவும் இல்லை, பெயர்கள் மட்டும். இது அரசியல் என்று சொல்லி சின்க்ளேர் நிறுவனம் தன் ஏபிசி நிலையங்களில் ஒளிபரப்ப மறுத்தது. அதைக் கண்டித்துக் கடிதம் எழுதியவர், போரை ஆதரித்த செனட்டர் ஜான் மெக்கெய்ன்.