புதையல் வேட்டையும் வரலாறும்

உலோகங்காணும் கருவியைக் கையிலேந்தி வயல்வெளிகளிற் பழங்காசு தேடுவோரை வரலாற்றின் தொண்டர் எனப் போற்றும் வழக்கம் மேனாட்டில் வலுப்பெற்றுள்ளது. மண்ணுள் மக்கி அழியவிருந்ததை அவர்கள் மீட்டனர் என்பதே இப்போற்றுதலுக்குக் காட்டப்படும் நியாயம். ஈழத்திலும் இதனை வழிமொழிவோர் உளர். இங்குள்ள சட்டம் தேடுவோனைக் குற்றவாளியாக்குகிறது. இங்கிலாந்துச் சட்டமோ அவனுக்கு வெகுமதி அளிக்கிறது. ஆதலின் பின்னையதே அறிவுடைமை என்பர். மேலோட்டமான வாதம் இது.

முதலிற் கருவியை நோக்குவோம். அதன் சுருளிலிருந்து எழும் காந்தப்புலம் மண்ணுட் கிடக்கும் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதுவே ஒலியாகக் கேட்கிறது. மட்பாண்டத்துக்கும் எலும்புக்கும் கரித்துண்டுக்கும் அக்கருவி செவிடு. பண்டையோர் வாழ்ந்த காலத்தையும் வாழ்ந்த முறையையும் உரைப்பன பெரும்பாலும் அவையே. ஒலி கேட்ட இடத்தைத் தோண்டிக் காசை எடுப்பவன், அதனோடு கிடந்த ஓட்டையும் சாம்பலையும் புரட்டி எறிகிறான். காசு கையில் இருக்கிறது. அது எந்த மண்படையில், எதனோடு கிடந்தது என்பதை இனி எவராலும் அறியவியலாது.

ஆதரிப்போர் தவறாது எடுத்துக்காட்டுவது, 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹொக்ஸன் கிராமத்தில் நிகழ்ந்ததை. நண்பரொருவர் தொலைத்த சுத்தியலைத் தேடச் சென்ற எரிக் லோஸ் என்பார், உரோமர் காலப் புதையலொன்றைக் கண்டார். ஏறத்தாழ 15,000 பொன், வெள்ளிக் காசுகள் அதில் இருந்தன. வெகுமதி 17.5 இலட்சம் பவுண். (சுத்தியலும் பின்னர் அகப்பட்டது, அதுவும் இன்று பிரித்தானிய அரும்பொருளகத்தில் உள்ளது.) ஆயின் அந்நிகழ்ச்சியின் சிறப்பு வெகுமதியில் இல்லை. சிலவற்றை எடுத்த அளவில் அவர் தோண்டுவதை நிறுத்தி, உரியோருக்கு அறிவித்தார். ஆய்வாளர் வந்து முறைப்படி அகழ்ந்தமையாலேயே பொருள்கள் மரப்பெட்டியில் அடுக்கப்பட்டிருந்தவாறும், இடையே உலர்புல் பொதியப்பட்டிருந்தமையும் தெரியவந்தன. வரலாற்றைக் காத்தது கருவியன்று. அதைக் கீழே வைத்துவிட்ட ஒருவரின் அடக்கம்.

எல்லாரும் எரிக் லோஸ் ஆவதில்லை. 2010இல் கம்பிரியாவிலுள்ள குரொஸ்பி கரெற் என்னுமிடத்தில் உரோமக் குதிரைவீரனின் தலைக்கவசமொன்று துண்டுதுண்டாகக் கிடைத்தது. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் முதன்மையாகப் பொன்னையும் வெள்ளியையுமே நோக்கிற்று; தனித்துக் கிடைத்த செப்புக் கலவைப் பொருள் அதன்படி புதையலாகவில்லை. துண்டுகள் ஒட்டப்பட்டு, அதே ஆண்டில் ஏறத்தாழ 23 இலட்சம் பவுணுக்கு ஏலத்தில் விலைபோயின. அயலிலுள்ள கார்லைல் நகர அரும்பொருளகம் பணந்திரட்டியும் தோற்றது. சட்டத்தின் வரைவிலக்கணம் விரிவாக்கப்பட்டது 2023இலேதான். உலோகத்தின் விலையால் வரலாற்றை அளந்த சட்டத்தையா ஈழம் இரவல் வாங்கவேண்டும்?

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம், மண்ணுள் மறைந்து கிடக்கும் தொல்பொருளை அரசின் உடைமையாக்குகிறது. உத்தரவுப் பத்திரமின்றி அதைத் தேடி அகழ்வதைத் தடுக்கிறது. சட்டத்தால் மட்டும் வேட்டை ஒழிந்துவிடவில்லை. புதையல் தோண்டிக் கைதானோர் பற்றிய செய்தி நாளேடுகளில் அடிக்கடி வருவதே. ஆய்வாளர் மீது சாட்டப்படும் குறையிலும் உண்மை உண்டு: அகழ்ந்தவர் அறிக்கையை வெளியிடாது வைத்திருப்பாராயின், மண்ணுட் கிடந்தது அலுமாரியுட் கிடக்கிறது, அவ்வளவே. பல்கலைக்கழகத்தார் இதற்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவர். எனினும் வைத்தியர் சோம்பியிருக்கிறார் என்பதற்காகக் கத்தியைக் கசாப்புக்காரனிடம் ஒப்படைப்பார் இலர்.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது பெருங்கற்காலப் பண்பாட்டு ஈமப் புதைப்பொன்றில் சிறிய முத்திரை கிடைத்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழே பிராமி எழுத்துகள். 'கோவேத' எனப் படிக்கப்பட்ட அச்சொல்லின் பொருள் பற்றி அறிஞர் கருத்து வேறுபடுவர். ஆயினும் அம்முத்திரை மனித எலும்புக்கூட்டோடு கிடந்தது, கருஞ்செம் மட்கலங்கள் உடனிருந்தன என்பவற்றில் ஐயமில்லை. வட இலங்கையின் ஆதிக்குடிகள் பற்றிய விவாதம் முழுவதும் அவ்வுறுதியின் மீதே நடைபெறுகிறது. அதே முத்திரை ஒரு பழம்பொருள் வியாபாரியின் தட்டிற் கிடந்திருப்பின், எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு அவன் சொல்லும் விடையையே எல்லாரும் நம்பவேண்டியிருக்கும்.